போதும் என்ற சொல்

ஓலெசுண்ட் துறைமுகத்தில் இரவு பதினொன்று, இன்னும் வெளிச்சம்.
நாற்பதாவது நிமிடத்தில் நினைவகம் நிரம்பி
அறிக்கை செத்தது, மூன்றாம் முறை.
எல்லா மீனையும் தளத்தில் கொட்டிவிட்டுத்தான்
எண்ணவே தொடங்குகிறது, என்றாள் தூருன்.

பிடித்த வரியை அப்போதே கைமாற்றும்படி
நிரலைத் திருத்தினாள்.
இரண்டே நொடியில் முதல் காட் மீன் திரையில்.
ஆஸ்முண்ட் கைதட்டினான்.
கடைசி மீன் வர
முப்பத்தெட்டு நிமிடம்.

வரிக்கு வரி எல்லை தாண்டல்,
வரிக்கு வரி ஒரு முத்திரை.
நூறு நூறாய் அள்ளச் சொன்னாள்: பதினேழு.

திட்டமிடுகிறவனோ உள்ளே எட்டியும் பாராமல்
எட்டாயிரம் இருக்கும் என்கிறான்.
இருப்பது ஒன்பது லட்சம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்;
அளவை அவன் காதில் போட்டாள்.
நான்கு நிமிடம்.
தூங்கப் போனார்கள்.

காலையில் ஏற்றுமதிப் பிரிவின் சீக்ரிட்
பத்து வரி பார்த்தார், ஜன்னலை மூடினார்.
மீதி வேண்டாம், போதும் என்று
உள்ளே ஒரு குரல் போனது.

அந்த ஒரு சொல்லுக்கு
தூருன் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.
திறந்த கோப்பு திறந்தபடியே.
மதியத்துக்குள் முந்நூறு,
ஒன்றையும் யாரும் சாத்தவில்லை.