மூவாயிரத்து நானூறு

மருந்துக்கடைப் பையன் எழுத்துக்கூட்டிப் படித்தான்:
அசத்தியோபிரின்.
அசத்துமோ, அசத்தியமோ,
நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆறு வருஷமாக என் குடல்
தன்னைத்தானே கடித்துக்கொண்டிருக்கிறது.
குலசேகரத்திலிருந்து தக்கலை வரை
பஸ் நிற்கும் இடமெல்லாம் எனக்குக் கக்கூசை வைத்துத்தான் கணக்கு.
திருவட்டாறில் பெட்ரோல் பங்கு.
வேர்க்கிளம்பியில் ஜவுளிக்கடை மாடி,
அங்கே நிற்கிற பெண் முகம் சுளிக்கமாட்டாள்.
அழகியமண்டபத்தில் ஒன்றுமில்லை.
அழகியமண்டபத்தில்
கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிக்கவேண்டும்.

முதல் வாரம் பகலெல்லாம் குமட்டல்,
மரச்சீனிக் கிழங்கு வேகிற வாசம்கூட ஆகவில்லை.
மட்டிப்பழம் ஒன்று, அதுவும் பாதி.
கூடவே பழைய ஸ்டீராய்டு,
நாற்பதிலிருந்து வாரம் ஐந்தாய் இறங்குகிற படிக்கட்டு.
அதன் பசி ராத்திரி மூன்று மணிக்கு வரும்.
எதிர் மலையில் ரப்பர் வெட்டுகிறவர்களின் தலைவிளக்கு
மரத்துக்கு மரம் நின்று நின்று போகும்.
சட்டியில் மிஞ்சிய மீன்கறியை
நின்றபடியே விரலால் வழித்துத் தின்றேன் ஒருநாள்.
எபனேசர் விளக்கைப் போட்டுப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் அணைத்தார்.

முகம் வட்டமாகிவிட்டது.
ஆராதனை முடிந்து வெளியே வந்தால்
"இப்பந்தான் பிள்ளே பூசினாப்ல இருக்கா,
என்னவாக்கும் திங்கிய?"
என்னத்தைச் சொல்ல.
ஸ்தோத்திரம் என்றேன்.

பதினொரு வருஷமாக இந்த லேபில்
ஊரார் கையில் நரம்பு தேடுகிறேன்.
குழாய் நிறையும் முன்னே கேட்பார்கள்:
"வல்லதும் உண்டா பிள்ளே?"
"டாக்டர்ட்ட கேளுங்க."

இப்போது இரண்டு வாரத்துக்கொரு தடவை என் கை.
குத்துவது ஷெர்ஜின் பிரியா, புதுசு,
இரண்டாவது குத்தில்தான் நரம்பு கிடைக்கும்,
சாரி அக்கா, சாரி அக்கா.
வெள்ளை அணு முதலில் ஏழாயிரத்து இருநூறு.
பிறகு ஐயாயிரத்துச் சில்லறை.
நாலாயிரத்துக்குக் கீழே இறங்கினால்
உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
சிலருக்கு மாத்திரையை நிறுத்தவேண்டி வருமாம்.

இந்த வாரம் ரத்தம் இல்லை.
கக்கூசில் சொல்கிறேன்.
ஐந்து நாளாக இல்லை.
வெள்ளைப் பீங்கானை எட்டிப் பார்த்தபடி நின்றேன்,
பெற்றவள் தொட்டிலை எட்டிப் பார்ப்பதுபோல.
செவ்வாய்க்கிழமை
அழகியமண்டபம் எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை,
டிக்கெட்டை மடித்து மோதிரம் செய்துகொண்டிருந்தேன்.

இன்று மெஷின் துப்பியது:
மூவாயிரத்து நானூறு.
குழாயை மெல்லப் புரட்டி மறுபடி ஓட்டினேன்.
மூவாயிரத்து முந்நூற்றெண்பது.

ரிப்போர்ட்டில் எண்ணைத் தட்டுகிறவள் நான்தான்.
மூன்றும் நாலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை,
விரல் ஒரு நெல்லளவு நகர்ந்தால் போதும்.
நாலாயிரத்து நானூறு.
மாத்திரை தொடரும். பஸ் நிற்காமல் போகும்.
திருவட்டாறு பெட்ரோல் பங்கில்
என்னை மறந்தே போவார்கள்.

"அக்கா, ஒங்களுக்க ரிப்போர்ட்டா?"
எப்போது வந்து நின்றாளோ தெரியவில்லை.
திரையைப் பார்த்தாளா என்றும் தெரியவில்லை.
என் கோட்டில் உதிர்ந்து கிடந்த முடியை
ஒவ்வொன்றாய் எடுத்து
குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்,
ஊசி எடுக்கும்போது நடுங்குகிற அதே கை,
இதில் நடுங்கவில்லை.

மூன்று. நான்கு. பூஜ்யம். பூஜ்யம்.

டாக்டரின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
பெஞ்சில் டோக்கன் பதினேழு,
சுண்ணாம்பு ஒட்டிய முழங்கையோடு ஒரு கொத்தனார்,
சட்டைக்கையை முன்கூட்டியே சுருட்டிவிட்டார்.
ஒரு நிமிஷம் என்று அவருக்குச் சைகை காட்டும்போது
அந்தப் பக்கம் ஹலோ.

எண்ணைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"சாரே," என்றேன்,
"வல்லதும் உண்டா?"