இடஞ்சுழி

இருபது லிட்டர் பெயின்ட் பக்கெட்.
பழுக்கக் காய்ச்சிய ஸ்க்ரூ டிரைவரால்
அடியில் ஐந்து ஓட்டை.
உள்சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது
யாருடைய வீட்டு ஹாலோ, இளம்பச்சை.

மண் என்று சொல்ல முடியாது.
பாகலூர் ரோட்டு ரோஜாக் கம்பெனி
வேலியோரம் கொட்டிய பழைய தேங்காய்நார்,
ஒரு சட்டி செம்மண்,
கேன்டீனில் கேட்டு வாங்கிய டீத்தூள் சக்கை.

விதை சுசித்ரா தந்தது. கோத்தகிரிக்காரி.
கைக்குட்டையில் முடிந்து ஆறு பீன்ஸ் விதை,
கத்தரிப்பூ நிறத்தில் கறுப்பு தெளித்து.
"பூ சிவப்பா வரும். காய்க்கலன்னா என்னத் திட்டாத,
எங்க ஊர்க் குளிருக்குப் பழகினது."
ஓசூரும் குளிர்தான் என்றேன்.
ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

ஆறில் நான்கு முளைத்தன.
ஒன்றை நத்தை தின்றது.
மூன்றாம் மாடிக்கு எந்தப் படியேறி வந்ததோ.

எனக்கு வேலை மோட்டார் காயில் சுற்றுவது.
ஷிஃப்டுக்கு நூற்றி நாற்பது.
வலமாகத்தான் சுற்ற வேண்டும்.
மாறிச் சுற்றினால் தேவேந்திரப்பா சார்
சிவப்புத் தட்டில் போட்டு
எல்லோரும் பார்க்க வைப்பார்.
எட்டு வருஷம்.
சோறு பிசைந்தாலும் விரல் வலமாகவே போகும்.

அந்தக் கையால்தான் கொடியைப் பிடித்தேன்.
துணி காயும் கொடியின் இரும்புக் கம்பத்தில்
மூன்று சுற்று,
கழிவுச் செம்புக்கம்பியால் தளர்வாய் ஒரு முடிச்சு.
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால்
முடிச்சு இருக்கிறது, சுற்று இல்லை.
நுனி சும்மா காற்றைத் தடவிக்கொண்டிருக்கிறது.
திரும்பச் சுற்றினேன்.
திரும்ப அவிழ்ந்தது.
போடா என்று விட்டுப் படுத்தேன்.
எழுந்து பார்த்த சாயங்காலம்
தானாக ஏறியிருந்தது,
இடமாக.

மலைமேல் சந்திரசூடேஸ்வரரை
ஊரே வலம் வருகிறது.
இது ஒன்று மாடியில்
துணிக்கம்பத்தை இடம் வருகிறது.
யாரும் எடுத்துத் தட்டில் போடவில்லை.

ஆவணியில் பூத்தது.
பனிக்குள் லாரி பிரேக் போட்ட மாதிரி சிவப்பு.
பூத்ததெல்லாம் கொட்டியது.
மூன்று மாடி ஏற தேனீக்கென்ன வேண்டுதலா.
போனில் சுசித்ரா சொன்னாள்:
"கீழிதழ விரலால அமுக்கு.
உள்ளேருந்து ஒரு சுருள் எட்டிப் பாக்கும்.
பாத்ததும் விட்டுடு."
அமுக்கினேன்.
நூல் பருமனில் ஒரு காயில்
வெளியே வந்து உள்ளே போனது.
பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு
யூனிபார்மோடு
பூப்பூவாக அமுக்கிக்கொண்டு நின்றேன்.

ஹவுஸ் ஓனர் முனிரத்னம்மா மேலே வந்தார்.
"இதி ஏமி செட்டு? பொடவைய இழுக்குதே!"
ஞாயிற்றுக்குள் எடுக்கச் சொன்னார்.
ஞாயிறு வந்தது, காயும் வந்திருந்தது.
ஒரு படி பறித்துக்கொண்டு இறங்கினார்.
மத்தியானம் சின்னக் கிண்ணத்தில் பொரியல் வந்தது.
கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது கேட்டேன்.
"மாடி என்னோடதுதானே" என்றார்.

கார்த்திகையில் புது மிஷின் வந்தது.
இரண்டு பக்கமும் சுற்றுமாம்.
ஐம்பத்திரண்டு பேர் பட்டியலில்
என் பெயர் பத்தொன்பது.

மத்திகிரியில் வாடகை குறைவு.
சாமானெல்லாம் இறங்கிவிட்டது, பக்கெட்தான் பாக்கி.
கம்பத்திலிருந்து பிரிக்க வேண்டும்.
நுனியைப் பிடித்து இழுத்தால் வரவில்லை.
வலமாகச் சுற்றினேன்,
வந்தது.
இரண்டாவது சுற்றும் வந்தது.
கை அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது,
எண்ணிக்கைகூட வாயில் வந்துவிட்டது.
ஏழில்,
கொஞ்சம் வேகமோ என்னவோ,
பட்டென்று தண்டு ஒடிந்தது.

கீழ்ப்பாதியில் காய்ந்த நெற்று பதினொன்று.
ஐந்தை உரித்து முனிரத்னம்மா கையில் வைத்தேன்.
மேல்பாதி இன்னும் கம்பத்தில் இருக்கிறது,
அவர் வெட்டியிராவிட்டால்.

ஆட்டோக்காரர் பக்கெட்டைப் பார்த்தார்.
"இதுல என்னம்மா?"
"மண்ணு."
"மண்ணுக்கா முப்பது ரூபா சேத்துத் தர்ற?"

"ஆமா" என்று மடியில் வைத்துக்கொண்டேன்.
அடியில் வேர் கிழங்கு வைக்கும் என்று
சுசித்ரா ஒருமுறை சொன்னதாக ஞாபகம்.
சரியாகக் கேட்டிருக்க மாட்டேன்.
மிஷின் சத்தம் அப்போது.