மூன்று செல்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மின்வெட்டுக்கு முன்னாலேயே
சார்ஜ் ஏற்றிவிட்டேன், இரண்டையும்.
மூன்று மணிக்குக் கிளம்பினோம்.
வான் ரீனன் கணவாய் ஏறியதும்
காரின் வெப்பமானி சுழியத்தைக் கடந்து
கீழே போய்க்கொண்டே இருந்தது.
ஸ்வெட்டருக்குள், உள்சட்டைக்கு மேல்,
வயிற்றோடு வைத்துக்கொண்டேன் பேட்டரிகளை.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் பங்க்.
மைனஸ் ஆறு.
டயருக்குக் காற்றடித்த மாலெராட்டோ
நான் இரு கையாலும் தாங்கியிருந்ததைப் பார்த்து
எத்தனை என்றாள்.
மைதானத்தில் எல்லோரும் கேட்பதுதானே.
மூன்று என்றேன்.
மூன்று மாதத்துக்கே இவ்வளவா, என்று
வாயைப் பொத்திச் சிரித்தாள்.
உள்ளே ஓடிப்போய்
அவித்த முட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள்,
காகிதத்தில் சுற்றி, கை சுடச் சுட.
திருத்தியிருக்கலாம்.
நாற்பத்தாறு வயதில்
யாரும் கேட்பதில்லை இதையெல்லாம்.
முட்டையையும் அவற்றோடு சேர்த்து வைத்தேன்.

நம் ஆட்கள் ஓர் இரவு தங்கக்கூடாது என்று
சட்டம் இருந்த மண் இது.
அதில் பொம்மை விமானத்தோடு நிற்கிறோம்,
புல் முழுக்க உப்புப் பூத்தாற்போல் வெள்ளை.

பூபாலன் படையாச்சி
டிக்கியில் கிடந்த பேட்டரியை எடுத்து
கார் பேட்டரியிலிருந்து சார்ஜ் போட்டான்.
வேண்டாம், குளிர் விடட்டும் என்றேன்.
பச்சை விளக்கு எரியுதே என்றான்.
எரியும்.
குளிர்ந்த லித்தியத்துக்கு
மறுக்கத் தெரியாது. ஊட்டினால் வாங்கிக்கொள்ளும்.
செரிக்காததெல்லாம் உள்ளே உலோகமாய்ப் படியும்,
மயிரிழை மயிரிழையாக.
வெளியே ஒன்றும் தெரியாது.
பிறகு ஏதோ ஒரு சாயங்காலம்
சும்மா இருக்கும்போது பூரி மாதிரி உப்பும்.
அவன் கராஜ் கதவில் இன்னும் கரி இருக்கிறது.
சொன்னேன். சிரித்தான்.

பிளாட்பெர்க்கின் நெற்றியில் வெயில் பட்டதும்
என்னுடையதைப் பறக்கவிட்டேன்.
எட்டு நிமிடப் பேட்டரிக்கு
ஐந்து நிமிடம்தான் கணக்கு, இந்தக் குளிரில்.
நான்கு முடிந்ததுமே இறக்கினேன்.
தொட்டால் வெதுவெதுப்பு.

அடுத்து அவன்.
தரையில் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட்.
நிமிர்த்தி முழு வேகம் கொடுத்ததும்
ஒன்பதுக்குச் சரிந்தது.
எச்சரிக்கை மணி எங்களுக்குக் கேட்கவில்லை,
மேலேதானே கத்தியது.
மூக்கு குத்தி விழுந்தது,
ஒரு பசுவுக்குப் பத்தடி தள்ளி.
பசு நகரவில்லை.

இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கினோம்.
விண்டுபோன பேட்டரியை மணல் வாளிக்குள் புதைத்தான்,
ஒன்றும் பேசாமல்.
நான் முட்டையை உரித்து
பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.
உப்பு இல்லையா என்றான்.

திரும்பும்போது அதே பங்க்.
மாலெராட்டோ ஷிஃப்ட் முடிந்து போயிருந்தாள்.
வேறு ஒருத்தன் கண்ணாடி துடைத்தான்,
எதையும் கேட்கவில்லை.
பறக்காத இரண்டாவது பேட்டரி
ஸ்வெட்டருக்குள்ளேயே இருந்தது.
கணவாய் இறங்கி
கார் பதினெட்டு டிகிரி காட்டிய பிறகும்
எடுத்து வைக்கவில்லை.