இரண்டு ஸ்டெப்னி

செம்மண்டலம் வீட்டு வாசலில்
ஷூக்களைக் கவிழ்த்துத் தட்டினேன்.
நமீபியா விழுந்தது,
இரண்டு தேக்கரண்டி அளவு.
மிளகாய்த்தூளில் மஞ்சள் கொட்டிவிட்டதுபோல் ஒரு நிறம்.
இதழினி அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளிப் போட்டு
"தொடாதே" என்று எழுதி ஒட்டினாள்.
தெருவில் அப்போது ஒரு லாரி போனது,
தார்ப்பாய்க்கடியில் நீர் சொட்டச் சொட்டத்
தென்பெண்ணையை ஏற்றிக்கொண்டு.
அதன்மேல் யாரும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

வண்டி தம்பியுடையது.
விண்ட்ஹூக்கில் சாவி கொடுக்கும்போதே சொன்னான்:
ஸ்டெப்னி ரெண்டு இருக்குக்கா. ரெண்டும் தேவைப்படும்.
எண்பதுக்கு மேல மிதிக்காதே, ஜல்லி ரோடு.
அங்கேயும் இடப்பக்கம்தான்,
ஸ்டியரிங்கும் நம் கைப்பக்கம்தான்.
விருத்தாசலம் ரோட்டில் ஓட்டிப் பழகியவளுக்கு
எதிரே யாரும் வராததுதான் கிலியாக இருந்தது.
நாற்பது நிமிடத்துக்கு ஒரு வண்டி.
அதுவும் முதலில் தூசியாக,
வெகுநேரம் கழித்துத்தான் வண்டியாக.
ஓட்டுகிறவர் கை தூக்குவார்.
மூன்றாம் நாள் நானும் தூக்கினேன்.

பக்கத்தில் சம்பந்தன், மடியில் வரைபடம்.
நாங்கள் பேசி ஐந்து மாதம்.
பால் வந்ததா, ஃபீஸ் கட்டியாச்சா,
அது வேறு.
சிக்னல் செத்ததும் மருதன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
கொஞ்ச தூரம் போனபிறகு,
"வீட்ல டிவி சத்தத்துல இது தெரியல" என்றான்,
ஜன்னலைப் பார்த்து.

முதல் டயர் மணல்மேடுகளைத் தாண்டியதும் போனது.
இரண்டாவது,
நிழல் என்ற சொல்லே இல்லாத ஓரிடத்தில்.
ஜாக்கி மணலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.
அடிக்கொடுக்க ஒரு கல் இல்லை, கட்டை இல்லை.
சம்பந்தன் சுற்றிப் பார்த்தார்.
பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்து
என் சப்பாத்திப் பலகையை எடுத்துவந்தார்.
தானே புயலில் சாய்ந்த பண்ருட்டிப் பலாவில் அறுத்தது.
"ஆப்பிரிக்காவுக்கு யாராவது பலகை தூக்கிட்டு வருவாங்களா"
என்று மீனம்பாக்கத்தில் கத்தியவர்
அதை ஜாக்கிக்கு அடியில் வைத்து
இரண்டு கையாலும் மணலை அணைத்தார்.

தூரத்தில் ஓர் ஓரிக்ஸ் நின்றது,
இரண்டு கொம்பும் ஒன்றாகத் தெரியும்படி.
நான்காவது நட்டைக் கழற்றும்போது
"என் மேலதான் தப்பு" என்றார்.
எது என்று நான் கேட்கவில்லை.
எது என்று இருவருக்கும் தெரியும்.
"ஸ்பேனரைச் சரியா பிடிங்க" என்றேன்.
பலகை கீறிக்கொண்ட சத்தம்.
ஓரிக்ஸ் போகவில்லை.

சப்பாத்தியில் இப்போது ஒரு கோடு விழுகிறது.

எடோஷாவில் ஓர் இரவு தண்ணீர்க்குழியருகே உட்கார்ந்திருந்தோம்.
யானைகள் முடிக்கட்டும் என்று காண்டாமிருகம் நின்றது.
காண்டாமிருகம் போகட்டும் என்று நரி.
ஒட்டகச்சிவிங்கி மட்டும்
கால்களை அகட்டுவதும் சேர்ப்பதுமாக
முக்கால் மணிநேரம் யோசித்தது.
"பயப்படுதாம்மா?" இதழினி காதில் கேட்டாள்.
"இல்ல, சுத்தி பாத்துக்குது" என்று பதில் சொன்னது
நான் இல்லை, அவர்.

நேற்றுச் சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட்.
ரயிலைக் காணவில்லை.
பைக்குகள் குனிந்து உள்ளே நுழைந்துகொண்டிருந்தன.
ஷேர் ஆட்டோ ஒன்று எங்கள் இடப்புறம் மூக்கை நீட்ட,
வலப்புறம் ஒரு டவுன் பஸ் எல்லாரையும் ஒதுக்கி முன்னேற,
"யானை வருது, வழி விடுங்க" என்றான் மருதன்.
சம்பந்தன் சிரித்தார். நானும்.
கேட்டு எழுந்ததும்
இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குடிக்க இறங்கின.
எதிரே நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்.
என்னை அறியாமல் கை தூக்கிவிட்டேன்.
ஓட்டியவர் திரும்பிப்
பின்னால் பார்த்தார்,
யாருக்கோ என்று.