பதினாறு பக்கங்கள்

பன்னிரண்டாம் பாகம் வந்துவிட்டது.
காட்பாடி ஸ்டேஷன் புத்தகக் கடையில்
பஞ்சாங்கத்துக்கும் போட்டித் தேர்வு வழிகாட்டிக்கும் நடுவில்
செங்கல் மாதிரி கிடந்தது.
'இத்துடன் நிறைவு' என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது.
எட்டிலும் அப்படித்தான் போட்டார்கள்.
பத்திலும்.

முதல் பாகம் வாங்கியபோது
எனக்குக் கல்யாணம் ஆகவில்லை,
இளவரசி வேழினி கைக்குழந்தை.
இப்போது என் மகள் பிளஸ் ஒன் போகிறாள்.
வேழினிக்குப் பதினேழுதான் ஆகிறது.
அந்த நாட்டில் ஒரு குளிர்காலம்
மூன்று பாகத்துக்கு நீளும்.
சத்துவாச்சாரியில் ஸ்வெட்டர்
பத்து நாள் பீரோவை விட்டு இறங்கினால் அதிகம்.

நெடுவை என்று ஒரு நதி அதில்.
படகில்லாமல் எதிர்க்கரை கண்டவர் இல்லை.
அதைத் தினமும் காலை ஏழேகாலுக்கு,
ஆற்காடு தாண்டி, கம்பெனி பஸ்ஸில்,
பாலாற்றுப் பாலத்தின் மேல் படித்தேன்.
கீழே சீமைக் கருவேலம், மணல் அள்ளிய பள்ளம்,
ஸ்டம்ப் நட்டு ஆடும் பையன்கள்.
ஒரு நவம்பரில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.
பஸ்ஸே எழுந்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்து பார்த்தது.
நான் தலை தூக்கவில்லை.
என் வெள்ளம் இன்னும் பெரிது.

மேல்விஷாரத்தில் ஏறுவாள் ஷமீமா.
அப்பர் தைக்கிற செக்‌ஷன்.
அவள் தைத்ததைத் திருப்பிப் பார்த்து
தள்ளுபடி செய்கிற வேலை எனக்கு.
படிப்பதில் என்னைவிட ஒரு பாகம் முன்னே போவாள்.
யார் சாகிறார்கள் என்று சொல்லிவிடாதே என்பேன்.
சொல்லமாட்டாள்.
அந்தப் பக்கம் வரும்போது
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், அவ்வளவுதான்,
தெரிந்துவிடும்.

ஐந்தாம் பாகத்தில் 208க்கு அப்புறம் 225.
பைண்டிங்கில் விட்டுப்போன பதினாறு பக்கம்.
கோட்டையை எதிரி வளைத்திருக்கிறான், நாளைக்குப் போர்,
அடுத்த வரியில் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள்.
ஆம்பூரில் சின்னம்மா பெண்ணிடம் முழுசாக இருக்கிறது,
நான் படித்துவிட்டேன் என்றாள் ஷமீமா.
மூன்று காலை சொன்னாள்.

சேணம் தைக்கிற தோரன், ஞாபகமிருக்கா,
மூன்றாம் பாகத்தில் வருவானே, ஒற்றைக் காது?
ராத்திரி எதிரி லாயத்துக்குள் புகுந்து
எண்ணூறு சேணத்திலும்
அடிவார்த் தையலில் ஒன்றே ஒன்று பிரிக்கிறான்.
ஒன்றுக்கு மேல் பிரித்தால் கண்ணுக்குத் தெரியும்.
விடிந்ததும் குதிரைப்படை ஆற்றில் இறங்குகிறது.
குதிரைகள் மட்டும் கரையேறுகின்றன.
தோரனை யாரும் தேடவில்லை.
வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான்.

அதற்கப்புறம் ஆறு பாகம்
அவனுக்காகத்தான் படித்தேன்.
ஒரு குதிரை இடறினால்கூட அவன் வேலை என்று நினைப்பேன்.
ஏழில் செத்த வேழினி ஒன்பதில் எழுந்து வந்தபோது
புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டேன், அவ்வளவு கோபம்.
நான்கு நாளில் திரும்ப எடுத்தேன்.
தோரன் இன்னும் வரவில்லையே.

போன வருஷம் வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில்
கிழியாத ஐந்தாம் பாகம்.
நின்றுகொண்டே படித்தேன், 209 முதல் 224.
விருந்து.
தளபதிகளின் வம்சாவளி இரண்டரைப் பக்கம்.
பிறகு மழை வருகிறது,
எதிரி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான்.
தோரன் இல்லை.
எழுதியவரே அவனை மறந்துவிட்டார்.

ஷமீமா இப்போது ஆம்பூர் யூனிட்டில்.
போன் செய்து கேட்டேன்.
முதலில் சிரித்தாள்.
சின்னம்மா பெண்ணே கிடையாது என்றாள்.
அது சரி, எண்ணூறு எங்கிருந்து வந்தது என்றேன்.
அந்த மாசம் நம் லைனுக்கு டார்கெட்
ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடி, மறந்துட்டியா?

பன்னிரண்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை.
பஸ்ஸில் உட்கார்ந்து முதல் வேலையாக
208ஐத் திருப்பினேன்.
அடுத்தது 209.
ஒழுங்காக, வரிசையாக, எல்லாப் பக்கமும் இருந்தன.
கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.