மறுபடி ஓட்டு

தாம்பெரேயில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
நான்காம் மாடியில் வூக்கோ
சிவப்பாகிப்போன சோதனையை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.
காலையில் பச்சை. மதியம் பச்சை.
நடுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"மறுபடி ஓட்டு" என்கிறான் இல்மோ,
காப்பியிலிருந்து தலை எடுக்காமல்.
இந்த அலுவலகத்தில் அது வணக்கம் சொல்வது மாதிரி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சரிதான்.
ஆனால் இங்கே பானை வாடகை, அடுப்பும் வாடகை.
பெயர் தெரியாத யாரோ
அதே அடுப்பில் ஓர் அண்டாவை ஏற்றும்போது
நம் தீ சிறுத்துவிடுகிறது.
வட்டில் எழுதிவிட்டேன் என்று சொல்ல
நான்கு மில்லிநொடி எடுத்த இயந்திரம்
நானூறு எடுக்கிறது.
சோதனையோ இருநூறு வரைதான் பார்க்கும்,
கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து
பாயசத்துக்கு முன்பே பந்தியை விட்டு எழுகிற விருந்தாளி.

வூக்கோ கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினாள்.
பொத்தானைத் தொடாமல் எழுதினாள்:
எந்த இயந்திரம், எத்தனை மணி, காரணம்.
மூன்று வாரம். நாற்பத்தொரு சிவப்பு.
வட்டு, வட்டு, வட்டு, மேற்படி, மேற்படி.

பிறகு களையெடுப்பு.
"இரண்டு நொடி தூங்கு" என்றிருந்த இடமெல்லாம்
"எழுதி முடித்ததும் எழுப்பு" ஆயிற்று.
நிஜக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு
தான் திருகினால் மட்டும் நகரும் பொய்க் கடிகாரம்.
நிஜ வட்டுக்குப் பதில்
சொன்ன நேரத்தில் மட்டும் சண்டித்தனம் செய்யும் வட்டு.
ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு விதை எண்,
அதே எண் போட்டால் அதே குலுக்கல் விழும்.

நாற்பது அடங்கின.

விதை 7718 அடங்கவில்லை.
எத்தனை முறை ஓட்டினாலும் சிவப்பு,
அடுப்பு யாருடையதானாலும் சிவப்பு.
மின்சாரம் போனதாக நடிக்கும் சோதனை அது.
எழுதிவிட்டேன் என்று பதில் போன பிறகு
வட்டில் ஏறாமலே தொலைகிறது ஒரு வரி.
யாரோ கட்டிய மாத வாடகையாக இருக்கலாம்,
யாருக்கோ எழுதிய மருந்தின் அளவாக இருக்கலாம்.

பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
ஏப்ரலிலிருந்தே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
பன்னிரண்டு முறை.
பன்னிரண்டு முறையும் யாரோ மறுபடி ஓட்டியிருக்கிறார்கள்.
ஐந்து முறை அவளே.

இல்மோ நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.
திரையைப் படித்தான். மேலே போய் மறுபடி படித்தான்.
கையிலிருந்த காப்பி ஆறிவிட்டது.

நாற்பத்தொன்றாம் வரியில்
காரணம் என்ற கட்டத்தில் இருந்த
'மேற்படி'யை அடித்துவிட்டு
வூக்கோ எழுதினாள்:
நாங்கள்.