வாட்டம்

ரெசிஸ்தென்சியாவில் பந்து உருளாது.
வைத்த இடத்தில் நிற்கும்.
நூற்று அறுபது மீட்டர் தெரு.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
உயர வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர்.
ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால்
தாண்டிவிடும்.

மழை பெய்தால் தண்ணீர்
எங்கே போவதென்று தெரியாமல்
மூன்று நாள் உட்கார்ந்திருக்கும்,
வேலை கேட்டு வந்தவனைப் போல.

நகராட்சி என்னை அனுப்பியது.
மட்டக்கருவி, அளவுகோல்,
தலைக்கு மேல் முப்பத்தொன்பது டிகிரி.
தெருவை மொத்தமாகச் சாய்க்க
வாசல்கள் விடாது.
அதன் நடுமுதுகை மட்டமாகவே விட்டுவிட்டு
ஓரத்தை மட்டும் ரம்பப் பல்லாக மடித்தேன்:
இருபது மீட்டர் இறங்கி
இருபது மீட்டர் ஏறி
மறுபடி இறங்கி.
மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர்.
அதற்குக் குறைந்தால்
தண்ணீருக்கு நம்பிக்கை வராது.

கொத்தனார் பிரிட்டெஸ்
ஒற்றைக் கண்ணை மூடி நூலைப் பார்த்தார்.
"நூல் வளையுது, இஞ்சினியரம்மா.
தூக்கத்துல கட்டினீங்களா?"
வளையத்தான் வேண்டும் என்றேன்.
நம்பவில்லை.
துப்பிவிட்டு ஆணி அடித்தார்.

எல்விராவின் மளிகைக்கடை மேசையில்
வரைபடத்தை விரித்த அன்றுதான் வினை.
எல்லோருக்கும் வடிகால் வேண்டும்.
யார் வாசலுக்கும் பள்ளம் வேண்டாம்.
"இத்தனை வருஷம் ஒரே மட்டத்துல இருந்தோம்,
இப்ப நான் மட்டும் தாழ்வா?"
ஓய்வுபெற்ற தபால்காரர் கேட்டார்.
ஆறு சென்டிமீட்டர்தானே என்றேன்.
"என் செருப்பு மூணு" என்றார்.
வாட்டம் அவர் முகத்தில்தான் இருந்தது,
தெருவில் இன்னும் இல்லை.

பஞ்சர் கடை காந்தேரோ
கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"என் கடை முன்னால போடுங்க.
ட்யூபை முக்கிப் பார்க்கத்
தொட்டி வெச்சிருக்கேன் எப்படியும்.
தண்ணியோட எனக்குச் சண்டையில்லை."
மற்ற மூன்று பள்ளங்களையும்
சண்டை போட்டே வாங்கினேன்.

செப்டம்பர் கடைசியில் வந்தது மழை.
இரவு இரண்டு மணிக்கு டார்ச்சுடன் போனேன்.
எல்விரா கடைக்கு எதிரே, மேட்டின் உச்சியில்,
ஒரு லபாச்சோப் பூ சுற்றிக்கொண்டிருந்தது.
இடமா, வலமா,
அரை நிமிடம் அதற்கே தெரியவில்லை.
பிறகு காந்தேரோ பக்கம் புறப்பட்டது,
பின்னாலேயே ஒரு பாட்டில் மூடி,
யாரோ கொட்டிய மாத்தே இலைச் சக்கை.
அங்கே அவர் வெறுங்காலோடு
இரும்புச் சல்லடைமேல் குனிந்து
இலை அள்ளிக்கொண்டிருந்தார்.
"ஓடுது" என்றார்,
என்னை நிமிர்ந்து பாராமல்.

காலையில் தெரு காய்ந்துவிட்டது,
ஓரிடம் தவிர.
தபால்காரர் வீட்டு முன்
உள்ளங்கை அகலக் குட்டை.
பிரிட்டெஸ் அங்கே மட்டும்
நூலை நேராக்கியிருக்கிறார்,
என்மேல் இரக்கப்பட்டு.
ஆழம் எட்டு மில்லிமீட்டர்.

உடைத்துப் போட வேண்டும் என்று எழுத
நோட்டைத் திறந்தேன்.
ஓர்னேரோ குருவி ஒன்று இறங்கி
குட்டையின் அடியிலிருந்து
வாய் நிறையச் சேறு எடுத்து
மின்கம்பத்துக்குப் பறந்தது.
மறுபடி வந்தது.
ஜன்னலில் தபால்காரர்,
குருவியையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தபடி.

எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன்.
தேதி போடவில்லை.